புகையில் தொங்கிய தூண்டில்

“சட்டியைத் தள்ளு, சாராள்! ஏணி சரியுது!”

பலவேசம் அடுப்படி ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு, கரி படிந்த உத்தரத்திலிருந்து ஒரு நீளமான துணிப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழ மறுத்தது. வெடுக்கென்று இழுத்தார். பக்கத்தில் விதைக்காகத் தொங்கிய சோளக்கதிர் ஒன்று அறுந்து, கீழே கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் பொத்தென்று விழுந்தது.

“விழட்டும். இன்னக்கிச் சோள ரசம்” என்றாள் சாராள், சட்டியை இடுக்கியால் இழுத்தபடி. “நீங்க விழுந்து தொலைக்காதீக.”

“அவன் வாசல்லயே நிக்கிறானா?”

“எங்க நிக்கிறான்? அங்கனயும் இங்கனயும் நடக்கிறான். ரோட்டைப் பாக்கிறான், கடையைப் பாக்கிறான், மறுபடி ரோட்டைப் பாக்கிறான். மோர் குடுத்தேன். ஒரே மடக்குல குடிச்சிட்டுச் சொம்ப என் கையில குடுக்காம உப்பு மூட்டை மேல வச்சிட்டான்.”

வாசலில் நடந்துகொண்டிருந்தவன் ஒச்சாண்டி. மேகமலையில் வெண்முடி எஸ்டேட்டை ஆளும் கிரேக் துரைக்கு மீன்பிடி ஆள். துரை ஆற்றுக்குக் கிளம்பினால் தூண்டிலைச் சுமப்பதும், எந்த மடு ஆழம், எந்தப் பாறை வழுக்கும் என்று பார்த்துச் சொல்வதும் அவன் வேலை. ஆனால் அந்தத் தூண்டில்கள் வருஷத்தில் பாதி நாள் தேனி பஜாரில், பலவேசம் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில்தான் குடியிருக்கும். காரணம் மழை. மேகமலையில் ஆனியில் பிடிக்கிற மழை மார்கழி வரைக்கும் விட்டுவிட்டு அடிக்கும். பங்களாவில் மாட்டிய கோட்டில் காளான் பூக்கும். அந்த ஈரத்தில் கழி வளையும், ரீல் துருவேறும், பட்டுநூல் இற்றுப்போகும். அதனால் முதல் மழைக்கு முன்னே ஒச்சாண்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு தேனிக்கு இறங்குவான். தை பிறந்து ஆறு தெளிந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போவான்.

பலவேசம் அவற்றைப் பார்த்துக்கொள்கிற பக்குவம் பஜாருக்கே தெரியும். ரீலைக் கழற்றி, மணல் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடுவார். தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும் என்று அதைக் கிட்டவே சேர்க்கமாட்டார். பட்டுநூலை ரீலிலிருந்து முழுக்க உருவி, நாற்காலி முதுகில் தளரச் சுற்றி நிழலில் காயவைப்பார். கழிகளைச் சுவரில் சாய்த்தால் கூன் விழும் என்று, பையின் காதை ஆணியில் மாட்டித் தொங்கவிடுவார். “என்னையக் கட்டிக் கூட்டியாந்தப்போகூட இம்புட்டு பதனமா எறக்கி வைக்கல” என்பாள் சாராள்.

அந்தப் பக்குவத்தைப் பார்த்துத்தான் துரை எஸ்டேட் டிப்போவைப் பலவேசத்திடம் விட்டார். ரயிலில் வரும் அரிசியும் மண்ணெண்ணெயும் ஆணியும் அவர் கிட்டங்கியில் இறங்கி, வண்டி கட்டி மலைக்குப் போகும். அதற்கு முன்னால் பலவேசம் ஊர் ஊராய்த் தலையில் ஜவுளி மூட்டை சுமந்தவர். அந்த மூட்டையின் கனம் இன்னும் பிடரியில் இருந்தது. ஒரு தூண்டிலைக் காப்பாற்றத் தெரியாதவனிடம் எஸ்டேட் அரிசியை எப்படி விடுவது என்று துரை ஒரு வார்த்தை கேட்டால் போதும், டிப்போ போய்விடும். மறுபடியும் மூட்டைதான்.

பலவேசம் ஏணியிலிருந்து குதித்து இறங்கினார். பையின் நாடாவை அவிழ்த்து உள்ளே கைவிட்டார்.

கை அப்படியே நின்றது.

“சாராள்…”

“என்ன?”

அவர் வெளியே எடுத்தது, மூன்று கழிகளைப் பொருத்துகிற பெரிய தூண்டிலின் நடுக்கழி. போன ஆனியில் கண்ணாடிபோல் வழவழவென்று உள்ளே போனது. இப்போது பிரித்துப்போட்ட துடைப்பம்போல ஆறு சிம்பாய் விரிந்துகொண்டு, பல்லை இளித்தது.

---

தப்பு ஐப்பசியில் நடந்தது. கிட்டங்கியில் மூங்கில் கூடைகளுக்கு அடியில் மாவு மாவாய்த் தூள் கொட்டிக் கிடந்ததைப் பலவேசம் பார்த்தார். உளு! மூங்கிலைத் துளைத்துத் தின்கிற வண்டு. அவருக்கு அன்றிரவு உறக்கமில்லை. துரையின் தூண்டிலும் மூங்கில்தானே? பள்ளத்தாக்கில் எந்தக் குடியானவனைக் கேட்டாலும் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான். விதைக்கதிரானாலும் சரி, ஏணிக்கு வெட்டிய மூங்கிலானாலும் சரி, அடுப்புக்கு மேலே புகையில் கட்டு. ஒரு பூச்சி அண்டாது. பலவேசம் கட்டினார்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. பெரிய தூண்டில் ஒற்றை மூங்கில் அல்ல. ஆறாய்ப் பிளந்து, சீவி, தச்சர்கள் பலகை ஒட்டுகிற வச்சிரத்தைப்போன்ற ஒரு பசையால் ஒன்றாய் ஒட்டி, மேலே மெருகு பூசிய சாமான். பார்வைக்கு ஒரே கழி. போதாக்குறைக்குக் கிறிஸ்மஸ் வந்தது. சாராள் அதிரசமும் முறுக்கும் சுட்டு அடுப்பை அணையவிடவில்லை. எண்ணெய்ப் புகையும் ஆவியும் மேலே போய்ப் பசையை இளக்கிவிட்டன. சின்னத் தூண்டில் தனி மரத்தில் கடைந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியதுதான் இப்படி.

“அண்ணாச்சி!” வாசலிலிருந்து ஒச்சாண்டியின் குரல் வந்தது. “ரொம்ப நேரமாகுமா?”

“இந்தா வந்துட்டேன்ப்பா! ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருக்கேன்!”

“துரை சாயங்கால ரயிலுக்கு வராக! மதுரையில இருந்து விருந்தாளியக் கூட்டிக்கிட்டு! வெரசா ஆகட்டும்!”

பலவேசம் நடுக்கழியைச் சாராள் கையில் கொடுத்தார். கடைக்கு ஓடினார். “ஒரு இட்லி சாப்பிடு ஒச்சாண்டி.” வேண்டாம். “காப்பி?” வேண்டாம். “வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” சௌக்கியம். ஒச்சாண்டி கேள்விகளுக்கு வாயால் பதில் சொன்னானே தவிரக் கண் ரோட்டில் இருந்தது. வழக்கமாக அவன் வந்தால் கல்லாப்பெட்டி ஓரம் சப்பணமிட்டு உட்கார்ந்து, மலையில் யானை வந்த கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பான். இன்று அவன் காலில் யாரோ நெருப்பை வைத்த மாதிரி இருந்தது.

பலவேசம் திரும்ப அடுப்படிக்கு ஓடினார். சாராள் தரையில் உட்கார்ந்து, சிம்புகளைச் சேர்த்துத் தொடையில் அழுத்தி, ரவிக்கைக்கு வாங்கின சிவப்புப் பட்டுநூலால் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பசை?”

“ஆசாரி வீட்டுல வச்சிரம் காய்ச்சித் தருவாக. ஆனா ராத்திரி முழுக்கக் காயணுமே. இப்ப நூல்தான்.” பல்லால் நூலைக் கடித்தாள். “பையில கெடக்கிறவரைக்கும் இது தூண்டிலு. வெளிய எடுத்தா வெளக்கமாறு.”

“வெளிய எடுப்பானே! ஒவ்வொரு கழியா உருவிப் பாத்துத்தானே வாங்குவான்!”

அது அவர்களுக்குள் இருந்த முறை. மலையிலிருந்து இறக்கும்போது ஒச்சாண்டி பையைப் பிரித்து, கழி கழியாய்ப் பலவேசத்தின் கையில் கொடுப்பான். அவர் விரலால் நீவிப் பார்த்துத் தலையாட்டினால் பொறுப்பு இவருடையது. ஏற்றும்போது பலவேசம் பிரித்துக் கொடுக்க, ஒச்சாண்டி நீவிப் பார்த்துத் தலையாட்டுவான். அதன் பிறகு பொறுப்பு அவனுடையது. ஒரு தடவை ஒச்சாண்டி காய்ச்சலோடு வந்து நின்றபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று கழியையும் நீவிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

“எடுத்தா எடுக்கட்டும்” என்றாள் சாராள். “எலி கடிச்சிருச்சுன்னு சொல்லுங்க.”

“எலி கடிச்சிட்டுப் பட்டுநூல் சுத்தி விட்டுட்டுப் போச்சாக்கும்?”

அவள் சிரிக்கவில்லை. கழியைப் பையில் செருகி, நாடாவை முடிந்து, அவர் கையில் திணித்தாள். “போங்க. நிக்க நிக்கத்தான் சந்தேகம் வரும்.”

பலவேசம் பெரிய பை, சின்னப் பை, ரீல் பெட்டி மூன்றையும் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். பெரிய பையின் நாடாவில் கைவைத்தார். “பிரிக்கட்டுமாப்பா?”

“வேணாம் அண்ணாச்சி.”

“என்னது?”

“பிரிக்க வேணாம். நேரமாச்சு.” ஒச்சாண்டி பெரிய பையைப் பிடுங்காத குறையாய் வாங்கித் தோளில் போட்டான். “இது மட்டும் போதும்.”

“ரீலு? சின்னது?”

“பெறகு… அதெல்லாம் பெறகு” என்றபடியே படி இறங்கிவிட்டான். ஒரு தரம் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். சந்தைக் கூட்டத்தில் அந்த நீளப்பை மட்டும் கொஞ்ச நேரம் தலைகளுக்கு மேலே ஆடியது. அப்புறம் அதுவும் மறைந்தது.

---

தப்பித்தாயிற்று.

பலவேசம் கல்லாவில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். வெல்லம் கேட்டு வந்த கிழவிக்குப் புளியைக் கட்டிக் கொடுத்தார். அவள் போட்ட சத்தத்தில் சாராள் வெளியே வந்துவிட்டாள்.

“என்ன ஆச்சு உங்களுக்கு? வாங்கிட்டுப் போயிட்டானே. குறை சொல்லலையே. இனிமே அது அவன் பொறுப்பு.”

“அதான்!” என்றார் பலவேசம்.

“எதான்?”

“அவன் பொறுப்புங்கிறதுதான். சாயங்காலம் துரை பையைப் பிரிப்பாக. விருந்தாளி முன்னாடி வெளக்கமாறு வெளிய வரும். ஒச்சாண்டி சரியாத்தான வாங்கிட்டு வந்தேன்னு முழிப்பான். நீ எங்கயோ கீழ போட்டிருக்க, குடிச்சிட்டு விழுந்திருக்கன்னு துரை ஏசுவாக. எஸ்டேட் லயன் வீட்டைக் காலி பண்ணுன்னு சொன்னா, பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போவான்?”

சாராள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கு?”

“தெரியல.”

“நீங்க போய்ச் சொன்னா டிப்போ போயிரும்.”

“தெரியும்.”

“மூட்டை தூக்கணும். இப்ப உங்களுக்கு வயசு என்னன்னு ஞாபகம் இருக்கா?”

“தெரியுங்கிறேன்ல!”

அவர் கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த பூனை மூட்டைச் சந்தில் ஓடியது. சாராள் உள்ளே போய், ஆணியில் தொங்கிய அவருடைய தலைத்துண்டை எடுத்துவந்து கல்லாமேல் போட்டாள். “வெயில் கடுமையா இருக்கு. கட்டிக்கிட்டுப் போங்க. இங்கன இருந்தா இன்னும் யாருக்காவது மண்ணெண்ணெயில தாளிச்சுக் குடுப்பீக.”

பலவேசம் சைக்கிளை எடுத்தார். நேரே ஸ்டேஷனுக்கு மிதித்தார். துரையை எதிர்கொள்ள ஒச்சாண்டி அங்கேதான் இருக்க வேண்டும்.

இல்லை. பிளாட்பாரத்தில் பருத்திப் பொதிகளும், பொதிமேல் உறங்குகிற ஒரு போர்ட்டரும்தான். எழுப்பிக் கேட்டார். நீளப்பையோடு யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. எஸ்டேட் வண்டி நிற்கிற புளியமரத்தடியில் பார்த்தார். அங்கேயும் இல்லை.

அப்போதுதான் மனசுக்குள் அந்தக் கேள்வி முள்ளாய்க் குத்தியது. காய்ச்சலிலும் நீவிப் பார்த்தவன் இன்றைக்கு ஏன் பையைப் பிரிக்கவேண்டாம் என்றான்? ரீல் இல்லாமல், நூல் இல்லாமல், வெறுங்கழியை வைத்துக்கொண்டு எந்தத் துரை மீன் பிடிப்பார்?

திருடிவிட்டானா? சே! ஒச்சாண்டியா? ஆனால் அவன் ரோட்டைப் பார்த்த பார்வை?

பலவேசம் கம்பம் ரோட்டில் சைக்கிளைத் திருப்பினார். பழனிசெட்டிபட்டியில் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்த சுப்புத்தாயிடம் மூச்சிரைக்க நிறுத்தினார்.

“ஆத்தா, நீளமா ஒரு பையத் தூக்கிட்டு ஒருத்தன் போனானா?”

“நாயனக்காரரா?”

“நாயனம் இல்ல, தூண்டிலு.”

“எனக்கென்ன தெரியும்? எந்த ஊர் கலியாணத்துக்கு அய்யான்னு கேட்டேன். பதில் பேசாம ஆத்துப்பக்கம் எறங்கிப் போனாரு.” கரண்டியால் வயல் வரப்பைக் காட்டினாள். “கடலை வாங்கலையா? வாய் வார்த்தைக்கு மட்டும்தான் வந்தீகளாக்கும்!”

ஆற்றுப்பக்கம் ரயிலும் இல்லை, துரையும் இல்லை. பலவேசம் சைக்கிளை வரப்பில் இறக்கினார். கரும்புத்தோட்டத்தைத் தாண்டியபின் மிதிக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டு ஓடினார். சங்கிலி வேட்டியைக் கடித்துக் கிழித்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

---

முல்லையாறு வளைகிற இடத்தில், மருதமர நிழலில் ஒரு கன்னிமார் கோயில். கோயில் என்றால் மஞ்சள் பூசிய ஏழு கல்தான். அதற்கு நேர் கீழே தண்ணீர் கருத்து ஆழ்ந்து கிடந்தது. படித்துறைப் பாறையில் ஒச்சாண்டி உட்கார்ந்திருந்தான். பை பிரிந்து பக்கத்தில் கிடந்தது. நடுக்கழி அவன் மடியில். சிவப்பு நூல் சுற்று ஒன்று தளர்ந்து, சிம்புகள் மறுபடியும் விரியத் தொடங்கியிருந்தன. அவன் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சைக்கிள் விழுந்த சத்தத்தில் துள்ளி எழுந்தான். “அண்ணாச்சி! நீங்க எங்க இங்கன?”

“பாத்துட்டியா?”

“பாத்தேன்.” கழியைத் தூக்கிக் காட்டினான். “இது என்ன அண்ணாச்சி, சடை பின்னிக் குஞ்சம் வச்ச மாதிரி?”

பலவேசம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த வேகத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினார். “நான்தான்ப்பா. உளு விழுந்துரும்னு பயந்து புகையில கட்டிவிட்டேன். ஒட்டுப்போட்ட சாமான்னு எனக்குத் தெரியாது. இன்னக்கி நீ வந்து நின்னப்பதான் பாத்தேன். சாராள் நூல் சுத்துனா. நீ பிரிக்க வேணாம்னதும் எனக்குப் போன உசிரு வந்துச்சு. அப்படியே உன் தலையில கட்டி அனுப்பிட்டேன்.”

ஒச்சாண்டி கழியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஏசு, ரெண்டு அடி வேணாலும் அடி. ஆனா எந்திரிச்சு வா, ஸ்டேஷனுக்குப் போவம். துரை எறங்கினதும் நானே சொல்லிர்றேன். உம்மேல ஒரு சொல்லு விழாது. டிப்போ போனாப் போகுது. எனக்கு மூட்டை தூக்கத் தெரியாதா என்ன?”

“துரை என்னைய அனுப்பல அண்ணாச்சி” என்றான் ஒச்சாண்டி.

“என்னப்பா சொல்ற?”

“சாயங்காலம் ரயிலை விட்டு எறங்கி, விருந்தாளியோட நேரா உங்க கடைக்கு வந்து அவுகளே எடுத்துக்கிறதாத்தான் பேச்சு. நான் வந்தது அவுகளுக்குத் தெரியாது.”

ஒச்சாண்டி இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்துத் தண்ணீரில் வீசினான். கருப்பு நீர் கொதித்ததுபோல் எழும்பியது. முறம் அகலத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு பெருங்கெண்டைகள் புரண்டன.

“அந்தா நடுவுல வருது பாருங்க, செவுளோரம் வெள்ளையா. அது எங்க மக ராஜாத்திக்கு நேந்துவிட்டது. பிள்ளை பிழைக்காதுன்னு டாக்டர் கைய விரிச்சப்ப, விரல் தண்டிக் குஞ்சா இந்த மடுவுல விட்டோம். கெடாய நேந்துவிட்டா யாரும் தொடமாட்டாகல்ல, அது மாதிரி. அது வளர வளர இவளும் வளர்றா. இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு பய இங்கன வலை போடமாட்டான். துரைக்கும் தெரியும், இத்தன வருஷம் இந்தப் பக்கம் கூட்டியாரச் சொன்னதே இல்ல. ஆனா வர்ற விருந்தாளி பெரிய எடமாம். மீனுக்கு நேத்திக்கடனான்னு கேட்டுச் சிரிச்சாகளாம். நாளைக்கு விடியவும் இங்கனதான் தூண்டிலு போடணுமாம். சின்னத் தூண்டிலு இதுகளத் தாங்காது. பெரிசு ஒண்ணுதான் தாங்கும்.”

இன்னொரு பிடி பொரியை வீசினான். வெள்ளைச் செவுள் மீன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு அமிழ்ந்தது.

பலவேசம் மீனைப் பார்த்தார், அவன் மடியில் விரிந்து கிடந்த கழியைப் பார்த்தார். வழியெல்லாம் குத்திய முள் இன்னும் போகவில்லை.

“எல்லாஞ் சரிப்பா. காய்ச்சல்ல வந்தப்பகூட ஒவ்வொண்ணா நீவிப் பாத்து வாங்கினவன் நீ. இன்னக்கி ஏன் பையைப் பிரிச்சுக்கூடப் பாக்கல?”

ஒச்சாண்டி சிவப்பு நூல் சுற்றிய கழியை இரண்டு கைகளாலும் முழங்காலுக்குக் குறுக்கே பிடித்தான்.

“ஒடிக்கப் போற குச்சிய யாராவது சரிபாத்து வாங்குவாகளா, அண்ணாச்சி?”